பழைய காரின் கணக்கு



பதினைந்து வயதைத் தாண்டிய சிறிய கார் ஒன்று நம் குடும்பங்களில் பலவற்றின் வாசலில் நின்றுகொண்டிருக்கிறது. மாருதி 800, ஆல்ட்டோ, சான்ட்ரோ என்று பெயர்தான் வேறு. புதிய கார் வாங்க வசதி இல்லாததால் மட்டும் அவை அங்கே நிற்கவில்லை. வங்கியில் கடன் வாங்கினால் வட்டி வரும். வட்டி வேண்டாமென்றால் முழுப் பணமும் கையில் சேர வேண்டும். சேரும்வரை இருப்பதை ஓட்ட வேண்டும். வட்டியில்லாத முறையில் வாகனம் வாங்குவதற்கான வழிகள் நம் வட்டாரத்தில் மிகக் குறைவு. ஆகவே பழைய காரைப் பழுது பார்த்துப் பார்த்து ஓட்டுவது பலருக்குச் சிக்கனத்தையும் கடந்து மார்க்கம் சார்ந்த ஒரு முடிவாகவும் இருக்கிறது.

அம்முடிவுக்கு ஒரு விலை உண்டு. அது எவ்வளவு என்பதை யாரும் உருப்படியாகச் சொல்வதில்லை. “பழைய வண்டி பணத்தை விழுங்கும்” என்பார் ஒருவர். “எங்கள் வண்டிக்குப் பத்து வருடமாகச் செலவே இல்லை” என்பார் இன்னொருவர். இரண்டுமே கணக்கு எழுதாதவர்களின் பேச்சு. எங்கள் வீட்டில் 2007ஆம் ஆண்டு ஆல்ட்டோ ஒன்று இருந்தது. 2013இல் இரண்டாம் கையாக 1,60,000 ரூபாய் ரொக்கத்துக்கு வாங்கியது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், பெட்ரோல். வாப்பா கடைக் கணக்கு எழுதிப் பழகியவர் என்பதால், காருக்கும் ஒரு நீலக் கோப்பு போட்டு ஒவ்வொரு ரசீதையும் அதில் சேர்த்துவந்தார். நாங்களும் அவ்வழக்கத்தை விடவில்லை. அந்தக் கோப்பை வைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் துருவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காயல்பட்டினத்தில் கார் வைத்திருப்பவருக்கு இயந்திரத்தைவிடப் பெரிய கவலை அதுதான். ஒரு புறம் கடல். மறுபுறம் ஆறுமுகநேரி உப்பளங்கள். காற்றே உப்பு. மாலையில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போகாத வீடு நம் ஊரில் இல்லை. கார் அங்கே மணிக்கணக்கில் நிற்கிறது. திரும்பும்போது குழந்தைகளின் காலில் ஒட்டிய ஈர மணல் காருக்குள் வந்து மிதியடியின் கீழே தங்கிவிடுகிறது. வெளியே தெரியும் துருவை எல்லோரும் பார்க்கிறார்கள். தரை உள்ளிருந்து அரிக்கப்படுவதைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. மிதியடிக்கு அடியிலுள்ள கம்பளம் ஒருமுறை நனைந்தால் நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் அது முழுதும் உலர்வதே இல்லை. உப்பும் ஈரமும் சேர்ந்து தகட்டை மெல்ல மெல்லத் தின்கின்றன.

கதவுகளின் அடிவிளிம்பில் மழைநீர் வடிவதற்காகச் சிறு துளைகள் இருக்கும். மண் அடைத்துக்கொண்டால் நீர் கதவுக்குள்ளேயே தேங்கும். பிறகு கதவின் கீழ்ப்பகுதி கொப்புளம் கொப்புளமாக எழும்பும். ஒரு பழைய துடைப்பக் குச்சியால் மாதம் ஒருமுறை அத்துளைகளைக் குத்திவிட்டால் போதும். இதற்குக் காசு வேண்டாம். பின்சக்கர வளைவுகளையும் உபரிச் சக்கரம் வைக்கும் குழியையும் அவ்வாறே பார்க்க வேண்டும். வண்டியின் அடிப்புறத்தை நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவுவது மேலே மெழுகு போட்டு மின்னவைப்பதைவிடப் பயனுள்ளது. மெழுகுக்குச் செலவழிக்கத் தயங்காதவர்கள் அடிப்புறத்தை ஒருமுறைகூடக் குனிந்து பார்க்காமலிருப்பது எங்களுக்கு எப்போதும் வியப்பு.

இவ்வளவும் செய்தும், எங்கள் காரில் ஓட்டுநர் காலடியில் ஒரு கையகலத்துக்குத் தகடு போய்விட்டது. வாங்கும்போதே உள்ளே தொடங்கியிருந்த துரு என்றார் டிங்கரிங் செய்தவர். அதை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, அடிப்பூச்சு பூசுவதற்கு 7,500 ரூபாய் ஆயிற்று. சிலர் இந்த இடத்தில் பட்டி வைத்து நிரப்பி மேலே வண்ணம் அடித்துவிடுவார்கள். ஆயிரம் இரண்டாயிரத்தில் முடியும். பார்வைக்குப் புதிதுபோல இருக்கும். ஆனால் காலை வைக்கும் தரை அது. பழைய கார் வாங்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத்தைப் போட்டுக்கொண்டு போகலாம். பட்டி தடிமனாகப் பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது.

அடுத்தது சூடு. 2021ஆம் ஆண்டு ரமளானில் உம்மாவைக் கண் பரிசோதனைக்காகப் பாளையங்கோட்டைக்கு அழைத்துச் சென்றோம். ஆழ்வார்திருநகரியைத் தாண்டியபோது வெப்பமானியின் முள் நடுவிலிருந்து மேலே ஏறத் தொடங்கியது. உடனே ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஹீட்டரை முழு வேகத்தில் திறந்தோம். சித்திரை வெயிலில் ஹீட்டர் போடுவதா என்று உம்மா திகைத்தார்கள். இயந்திரத்தின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ள அது ஒன்றே உடனடி வழி. வாழைத் தோட்டம் ஒன்றின் நிழலில் நிறுத்தி இயந்திரத்தை அணைத்தோம். அருகே தேநீர்க்கடை வைத்திருந்தவர் ஒரு குடம் தண்ணீருடன் ஓடிவந்து ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். நல்ல மனிதர், ஆனால் அப்போது திறந்திருந்தால் கொதிநீர் அவர் முகத்தில் பீறிட்டிருக்கும். அவரைத் தடுத்து, முக்கால் மணி நேரம் பொறுத்து, சூடு ஆறிய பிறகே திறந்தோம். நோன்பாளியான உம்மாவுக்கு அவர் விசிறி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தம் கடையின் அடுப்புப் புகை இந்தப் பக்கம் வராதபடி தட்டியை இழுத்து மறைத்தார். அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக.

குறை ரேடியேட்டரின் மேல் தொட்டியில் இருந்தது. இக்கார்களில் நடுப்பகுதி அலுமினியம், இரு முனைத் தொட்டிகளும் பிளாஸ்டிக். ஆண்டுக்கணக்கில் சூடேறி ஆறி, சூடேறி ஆறிப் பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விடும். நின்றிருக்கும்போது சொட்டாது, ஓடும்போது அழுத்தத்தில் ஆவியாகக் கசியும். ஆகவே வாசலில் ஈரம் தென்படவில்லை என்பதை நம்பிப் பயனில்லை. ரேடியேட்டர், மேலும் கீழுமுள்ள ரப்பர்க் குழாய்கள், தெர்மோஸ்டாட் எல்லாம் மாற்ற 5,800 ரூபாய். முள் ஏறிய பிறகும் “இன்னும் பத்து கிலோமீட்டர்தானே” என்று ஓட்டியிருந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து, செலவு பல மடங்காகியிருக்கும். இன்னொன்று: கூலண்டுக்குப் பதிலாக வீட்டுக் கிணற்றுநீரை ஊற்றும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. கடலோரக் கிணறுகளின் நீர் உப்புக் கலந்தது. அது ரேடியேட்டரையும் தண்ணீர் பம்பையும் உள்ளிருந்து அரிக்கும். ஆபத்துக்கு ஊற்றி ஊர் வந்து சேரலாம். அதையே வழக்கமாக்கக் கூடாது.

டைமிங் பெல்ட்டை மாற்றுவதற்குத்தான் பலருக்கும் மனம் வருவதில்லை. காரணம், அது கெடப்போவது வெளியே தெரியாது. பல்லுள்ள ஒரு ரப்பர்ப் பட்டை. கீழே சுழலும் கிராங்க் தண்டையும் மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டையும் இணைக்கிறது. சத்தமில்லை, புகையில்லை. அறுந்தால் அந்தக் கணமே இயந்திரம் நின்றுவிடும், அது லாரிகளுக்கு நடுவே மேம்பாலத்தில் ஆனாலும். சில இயந்திரங்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொண்டு சேதம் இன்னும் பெரிதாகும். கையேட்டில் சொன்ன தூரத்தை ஓட்டாவிட்டாலும் ரப்பருக்கு வயது உண்டு. குறைவாக ஓடிய கார் என்பதற்காக அதைத் தள்ளிப்போட முடியாது. 92,000 கிலோமீட்டரில் பெல்ட், டென்ஷனர், கசியத் தொடங்கியிருந்த ஆயில் சீல், தண்ணீர் பம்ப் ஆகியவற்றை ஒருசேர மாற்றினோம்: 5,400 ரூபாய்.

டிரைவ் ஷாஃப்ட்டின் முனையை மூடியிருக்கும் ரப்பர் உறையை மெக்கானிக்குகள் ‘பூட்’ என்பார்கள். அது கிழிந்தால் உள்ளேயுள்ள கிரீஸ் சக்கரத்தின் உட்புறமெங்கும் தெறித்திருக்கும். அந்தக் கட்டத்தில் கண்டுகொண்டால் இரு பக்கமும் சேர்த்து 1,400 ரூபாயில் முடிந்துவிடும். எங்களுக்கு அப்படித்தான் முடிந்தது. விட்டுவிட்டால் மணல் உள்ளே புகும். ஸ்டியரிங்கை முழுதும் திருப்பும்போது ‘கடக் கடக்’ என்று சத்தம் வரும். பிறகு இணைப்பையே மாற்ற வேண்டும். கிளட்ச் ஒரு தேய்மானப் பொருள். பெடல் இறுகி, மிக மேலே வந்த பிறகே வண்டி நகரத் தொடங்கினால், பாலம் ஏறும்போது இயந்திரம் இரைந்தும் வேகம் கூடாவிட்டால், அதன் காலம் முடிந்தது. தட்டு, பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் சேர்த்துக் கூலியுடன் 6,200.

முன்சக்கரப் பகுதியில் எழுந்த சத்தம் ஒன்று எங்களுக்கு வேறொரு பாடத்தைத் தந்தது. மேடு பள்ளத்தில் இடப்பக்கம் ‘டொக்’ என்று ஓர் ஒலி. நகரத்திலுள்ள ஒரு பெரிய பணிமனையில் காட்டினோம். குளிரூட்டிய அறை, காத்திருப்போருக்குக் காப்பி, கணினியில் அச்சிட்ட மதிப்பீடு. ஸ்டியரிங் ரேக் முழுவதும் மாற்ற வேண்டும், 9,000 ரூபாய் ஆகும் என்றார்கள். நாங்கள் யோசித்துச் சொல்வதாகத் திரும்பி, ஆறுமுகநேரியில் ஒரு வேப்பமரத்தடியில் பட்டறை வைத்திருக்கும் எங்கள் மெக்கானிக்கிடம் போனோம். அவர் சக்கரத்தைத் தூக்கி, கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“பாய், ரேக்குல ஒண்ணுமில்ல. லோயர் ஆர்ம் புஷ் போயிருக்கு, பால் ஜாயிண்ட் ஆடுது. ரெண்டு பக்கமும் மாத்திருவோம். ஒரு பக்கம் மட்டும் மாத்துனா அடுத்த மாசம் மறுபக்கத்துக்கு வருவீங்க.”

கூலியுடன் 3,200 ரூபாய். சத்தம் அன்றே நின்றது. அடுத்த ஆண்டு முன்புற ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் கசிந்தபோது 6,300 ஆயிற்று, அது வேறு. பெரிய பணிமனைகள் எல்லாம் ஏமாற்றுகின்றன என்றோ மரத்தடிப் பட்டறைகள் எல்லாம் நேர்மையானவை என்றோ நாங்கள் சொல்லவில்லை. பழைய காரின் செலவை முடிவு செய்வது காரின் வயதைவிட, அதைத் தொடும் மனிதரின் அமானிதம் என்றுதான் சொல்கிறோம். அப்படி ஒருவர் கிடைத்தால் அவர் கூலியில் பேரம் பேசுவது எங்களுக்கு உவப்பில்லை. உதிரிப்பாகத்துக்கு அச்சிட்ட விலையை மறுக்காமல் கொடுக்கும் நாம், ஒருவர் வெயிலில் மல்லாந்து படுத்து இரண்டு மணி நேரம் உழைத்ததற்கு 800 கேட்டால் 600 வாங்கிக்கொள்ளச் சொல்கிறோம். கூலியைத் தாமதிக்காமல் கொடுக்கச் சொன்ன நபியின் (ஸல்) உம்மத் நாம். “வெள்ளிக்கிழமை பார்க்கலாம்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துச் செல்வது நமக்கு அழகன்று. அவரும் பழைய பாகத்தைக் கையில் கொடுத்து, எங்கே தேய்ந்திருக்கிறது என்று காட்டாமல் எங்களை அனுப்பியதில்லை.

சட்டம் சார்ந்த செலவும் உண்டு. சொந்த உபயோகக் காரின் பதிவு பதினைந்து ஆண்டுக்குத்தான் செல்லும். பிறகு தகுதிச் சோதனைக்குக் காட்டி ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். நம் மக்கள் இதை ‘எஃப்.சி. காட்டுவது’ என்பார்கள். முன்பு 600 ரூபாயாக இருந்த இக்கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆக்கியது. எங்கள் கார் அந்த ஆண்டு ஆகஸ்டில் பதினைந்தை முடித்ததால் உயர்ந்த கட்டணத்தையே கட்டினோம். மூன்றாம் நபர் காப்பீடு எந்த வயதுக் காருக்கும் சட்டப்படி கட்டாயம். காப்பீடு குறித்து மார்க்க அறிஞர்களின் பேச்சு நீளமானது; இங்கே அதில் நுழையவில்லை. நம் காரால் அடிபடும் ஏழைக்கு இழப்பீடு கிடைக்கும் வழி அது என்பதையாவது மறக்க வேண்டாம்.

இனி மொத்தக் கணக்கு. 2021 முதல் 2024 வரையிலான நான்கு ஆண்டுகளில், மேலே சொன்னவற்றோடு பேட்டரி 4,100, நான்கு டயர்கள் 12,400, உப்புக்காற்றில் துளைவிழுந்த ஏ.சி. கண்டென்சரும் வாயு நிரப்பலும் 6,300, ஆண்டுக்கு 3,000 வீதம் ஆயில் மாற்றும் வழக்கமான சர்வீஸ் 12,000 எல்லாம் சேர்த்து 75,600 ரூபாய். மாதத்துக்கு 1,575. பெட்ரோலும் காப்பீடும் புதிய காருக்கும் உண்டு என்பதால் அவற்றைச் சேர்க்கவில்லை.

இதையே ஒரு கடனோடு ஒப்பிடுவோம். 4 லட்சம் ரூபாயை 9.5 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறத்தாழ 8,400. ஐந்தாண்டு முடிவில் வட்டியாக மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல் போயிருக்கும். அதாவது எங்கள் காரின் நான்காண்டுப் பழுதுச் செலவைவிட வட்டி மட்டுமே அதிகம். “பழைய வண்டி பணத்தை விழுங்கும்” என்பவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும்.

ஆனால் ரசீதில் வராத செலவுகளையும் மறைக்கக் கூடாது. பட்டறையில் வண்டி நின்ற நாட்களில் ஆட்டோவுக்குக் கொடுத்தது எங்கள் கோப்பில் இல்லை. திருமணத்துக்குப் புறப்படும் காலையில் வண்டி கிளம்புமா என்ற நெஞ்சத் துடிப்புக்கு ரசீது கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியமானது பாதுகாப்பு. எங்கள் ஆல்ட்டோவில் காற்றுப்பை இல்லை. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லை. எவ்வளவு நன்றாகப் பழுது பார்த்தாலும் அவை வந்துவிடப் போவதில்லை. பழைய காருக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் எங்களுக்குப் பதில் இல்லாதது இது ஒன்றுதான். அதனால் நான்குவழிச் சாலையில் இரவுப் பயணத்தை நிறுத்திக்கொண்டோம். சென்னைக்குப் போக ரயில் இருக்கிறது. மிச்சமான பணத்தில் மாதம் 5,000 ரூபாயை அடுத்த காருக்கென்று ஒதுக்கிவந்தோம். நான்காண்டில் 2,40,000 சேர்ந்தது. ஓட்டும் காருக்கு ஸகாத் இல்லை. ஆனால் கார் வாங்குவதற்காகச் சேர்த்த பணம் நிஸாபை எட்டி ஓர் ஆண்டு நிறைந்தால் அதற்கு உண்டு. இதை மறந்துவிடுபவர்கள் பலர்.

2024இன் பிற்பகுதியில் காரின் இதயத்திலேயே குறை தெரிந்தது. ஆயில் அளவுகோலை உருவிப் பார்த்தால் ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் குறைந்திருந்தது. கீழே சொட்டவில்லை. காலையில் முதலில் கிளப்பும்போது பின்னால் நீலப்புகை. நீலம் என்றால் ஆயில் எரிகிறது என்று பொருள். கம்ப்ரஷன் சோதனை செய்ததில் மூன்றாவது சிலிண்டர் தளர்ந்திருந்தது. இரண்டாவது கியரும் விழும்போது உறுமத் தொடங்கியிருந்தது. இயந்திரத்தை இறக்கிச் செப்பனிட 35,000 முதல் 40,000, கியர்பாக்ஸுக்கு 8,000. காரின் விலையே லட்சத்துக்குள். இவ்வளவு காலம் பழுது பார்த்தது சரியென்று சொன்ன அதே கணக்கு இப்போது போதும் என்றது. இயந்திரத்தைச் செப்பனிடாமலேயே ஊருக்குள் இன்னும் சில ஆண்டு ஓட்டலாம் என்றார் மெக்கானிக். ஆயில் அளவை வாரந்தோறும் பார்த்து ஊற்றிக்கொள்ள வேண்டும். விற்றுவிடுவதென்று முடிவு செய்தோம்.

தரகர் ஒருவர் வந்து பார்த்தார். 95,000க்குப் போகும் என்றார். அதற்கு அவர் சொன்ன வழிகள்: தடித்த ஆயிலை ஊற்றி, புகையை அடக்கும் மருந்து ஒரு டப்பா கலப்பது, வாங்குபவர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே வண்டியைக் கிளப்பிச் சூடாக்கி வைப்பது, முதல் புகையை அவர் பார்க்காமலிருக்க, ஓட்டிக் காட்டும்போது முதல் கியரை நீளமாக இழுத்து இரண்டாவதை மெதுவாகப் போடுவது. “எல்லாரும் செய்றதுதான் காக்கா. உள்ளது உள்ளபடி வாங்கிக்கிட்டேன்னு எழுதி வாங்கிருவோம், பொறவு கேள்வி வராது” என்றார். எழுதி வாங்குவதால் காவல் நிலையத்தில் கேள்வி வராமலிருக்கலாம். அறிந்தே மறைத்த குறைக்கு அந்தத் தாள் கேடயமாகாது என்றும், மறைத்த குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தர வாங்கியவருக்கு உரிமை உண்டு என்றும் எங்கள் மஹல்லாவின் ஆலிம் விளக்கினார். மதீனத்துச் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையைவிட்டு, அடியிலிருந்த ஈரத்தை விரல்களில் உணர்ந்த நபியவர்கள் (ஸல்), மழையில் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரிடம் கேட்ட நிகழ்ச்சியை மதரஸாவில் படிக்காத பிள்ளை நம்மில் இல்லை. நம் முன்னோர் கப்பலேறி வணிகம் செய்தவர்கள். தானியம் என்றால் அதன் பொருள் நமக்கு உடனே விளங்குகிறது. அதுவே இயந்திர ஆயில் என்றால் விளங்காமல் போய்விடுகிறது.

வாங்க வந்தவர் அடுத்த தெருத் தம்பி. ஐந்தாண்டு துபாயில் இருந்துவிட்டுத் திரும்பி, திருமணம் முடித்து, தூத்துக்குடியில் சிறு கடை வைத்திருப்பவர். தினமும் போய்வர எண்பது கிலோமீட்டர் ஓட்டும் எண்ணத்தில் இருந்தார். குளிர்ந்த இயந்திரத்தை அவர் கையாலேயே கிளப்பச் சொன்னோம். புகை வந்தது. ஆயில் குறையும் அளவு, மூன்றாம் சிலிண்டர், இரண்டாம் கியர், பற்றவைத்த தரை, காற்றுப்பை இல்லாதது ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, தினம் எண்பது கிலோமீட்டருக்கு இந்த இயந்திரம் இப்போதிருக்கும் நிலையில் தாங்காது என்றும் சொன்னோம். அருகில் நின்ற தரகரின் முகம் போன போக்கை எழுத முடியாது. தம்பி தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “வாப்பாகிட்ட கேட்டுட்டு வாறேன் காக்கா” என்று போய்விட்டார். பத்து நாள் வரவில்லை.

அந்தப் பத்து நாளில் வீட்டில் பேச்சு நடக்காமலில்லை. அக்காவின் மகள் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டிய மாதம் அது. இருபதாயிரம் ரூபாய் என்பது எங்களுக்குச் சிறிய தொகையன்று. “ஆலிம்சா சொன்னது சரிதான், ஆனால் சந்தையில் மற்றவர்கள் மறைத்து விற்கும் விலையோடுதானே நம் விலையை ஒப்பிடுவார்கள்” என்று தம்பி கேட்டதில் நியாயம் இருந்தது. மறைப்பவர்கள் நிறைந்த சந்தையில் சொல்பவரின் பொருள் மோசமானதாகத் தோன்றும். அதற்கு எங்களிடம் விடை இல்லை. உம்மா மட்டும், “நாம இந்த வண்டிய வாங்கும்போது தரைத் துருவை எவனாவது சொன்னானா?” என்று கேட்டார்கள். அதை எந்தப் பக்கத்துக்கான வாதமாகச் சொன்னார்கள் என்பது எங்களுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பதினோராம் நாள் தம்பி தம் வாப்பாவோடு வந்தார். தாளை மெக்கானிக் ஒருவரிடம் காட்டியிருக்கிறார்கள். இரண்டாம் கியரை உடனே சரி செய்துகொள்வதாகவும், தூத்துக்குடிக்குப் பேருந்திலேயே போய்வரப் போவதாகவும், காரை ஊருக்குள் வைத்துக்கொண்டு இயந்திர வேலையை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். 72,000 ரூபாய்க்குப் பேசி முடிந்தது. பெயர் மாற்றத்துக்கான 29, 30ஆம் படிவங்களில் அன்றே கையெழுத்திட்டு, போக்குவரத்து அலுவலகத்தில் நாங்களே கூட நின்று பதிந்தோம். விற்றவர் பதினான்கு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்துக்குப் பொறுப்பாளி என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. ‘தெரிந்தவர்தானே, மெல்ல மாற்றிக்கொள்ளட்டும்’ என்று காரைக் கொடுத்துவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சாவியை வாங்கிக்கொண்ட பிறகு தம்பி அந்த நீலக் கோப்பைக் கேட்டார். கொடுத்தோம். அட்டையின் உட்புறத்தில் டைமிங் பெல்ட் மாற்றிய தேதியும் கிலோமீட்டரும் வாப்பாவின் கையெழுத்தில் இருந்தன. அதற்குக் கீழே ஆறுமுகநேரி மெக்கானிக்கின் தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்தோம்.